புள்ளி வெச்ச கோலமும் நாலு வரி புரோகிராமும்

பொட்டி தட்டுற நம்ம ஆளுங்ககிட்ட கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வரலாறு கேட்டா எம்.ஐ.டி., அமெரிக்கான்னு ஆரம்பிப்பாங்க. அந்தக் கதையில நம்ம தாம்பரத்துக்கும் ஒரு பக்கம் இருக்குதுங்க.

சென்னை கிறித்தவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணி புள்ளியியல் பேராசிரியர். அவர் மனைவி ராணி சிரோமணி கணிதப் பேராசிரியர். இவங்களும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாங்க. வந்த இடம் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸுக்கான சர்வதேச இதழ். தலைப்புலயே 'கோலம்'! வாக்கியத்துக்கு இலக்கணம் இருக்கற மாதிரி படத்துக்கும் இலக்கணம் எழுதலாம், சில விதிகளை வெச்சே எவ்வளவு பெரிய கோலத்தையும் உருவாக்கலாம். மேட்டர் இதுதான்.

1968-ல் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் செடி கொடி வளர்றதை விளக்க ஒரு விதிமுறை கண்டுபிடிச்சார். எல்-சிஸ்டம்னு பேரு. 'கிருஷ்ணரின் கொலுசு' என்று ஆய்வாளர்கள் குறிப்பிடும் சிக்குக் கோலம் அதுல அழகா மாட்டும். பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்க:

நே = ஒரு கோடு நேரா போ
தி = வலப்பக்கம் 90 டிகிரி திரும்பு
ஆரம்பம்: க தி க
விதி: ஒவ்வொரு க-வுக்கும் பதிலா, க நே க தி க நே க

க என்பது வெறும் இடம் பிடிச்சு வைக்கிற எழுத்து, வரையும்போது விட்டுடணும். விதியை ஒரு தடவை போட்டா 4 கோடு, ஒரு சதுரம். ரெண்டாவது தடவை 20 கோடு: நாலு மூலையிலயும் கண்ணி விழுந்து, கையெடுக்காம கிளம்பின இடத்துக்கே வந்து சேரும். மூணாவது தடவை 84 கோடு. மூலையை வளைச்சு விட்டா அசல் சிக்குக் கோலம். திருப்பூர்ல ஓடுற கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினுக்கும் துணி மாட்டின ஃபிரேம் எந்தப் பக்கம், எவ்வளவு நகரணும்னுதான் ஃபைல் சொல்லுது.

சரி, இதுல எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. எல்-சிஸ்டத்துல லிண்டன்மேயர் பேரே ஒட்டிக்கிச்சு. அந்தக் கொலுசுக் கோலத்தை முதல்ல போட்ட அம்மணி யாரு? காலையில போட்டது மத்தியானத்துக்குள்ள மிதிபட்டு அழியுது, பேரு எங்க நிக்கும்? ஆனா படம் அழிஞ்சாலும் விதி அழியலை. பாட்டி கையிலிருந்து பேத்தி கைக்கு அப்படியே காப்பி ஆகி வந்திருக்கு.

சிரோமணி குழு இங்கதான் உயர்ந்து நிக்குது. கோலத்தை வெறும் அலங்காரமா பார்க்காம, போடற பெண்களோட கை எப்படி நகருது, எங்க திரும்புது, எங்க சுழிக்குதுன்னு கவனிச்சு, அந்த அசைவுகளையே கணக்கா எழுதினாங்க. கிஃப்ட் 1988-லும் ராணி 2019-லும் காலமானாங்க. கமலா பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில பேராசிரியரா இருந்தாங்க.

எங்க குண்டடத்துல பனியன் கம்பெனி வேனுக்கு ஓடற அவசரத்துலயும் வாசல்ல தண்ணி தெளிச்சு நாலு இழை இழுத்துட்டுதான் கிளம்பறாங்க. 'எனக்குக் கணக்கே வராதுங்க'ன்னு அவங்க சொன்னா நம்பாதீங்க :-)