வற்றுப்பெருக்கு சுழற்றிய சக்கரங்கள்



கடற்கரையில் வாழ்வோர்க்கு வற்றும் பெருக்கும் புதியன அல்ல. ஆயினும், வந்து மீளும் அந்நீரைச் சிறிது நேரம் மறித்து வேலை வாங்கலாம் என்ற எண்ணம் எத்துணைப் பழையது என்பதைப் பலர் அறியார். வட அயர்லாந்தில், ஸ்ற்றாங்போட் கடற்கழியின் கரையில், நென்றம் என்னும் மடத்துத் துறவிகள் கி.பி. 619ஆம் ஆண்டளவில் அமைத்த மாவாலையின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அங்கு கிடைத்த மரங்களின் வளையங்களை ஆராய்ந்தே அக்காலம் துணியப்பட்டது. பெருக்கின்போது நீர் அணைக்குள் புகும். பின்னர் அது அடைக்கப்படும். வெளியே கடல் தாழ்ந்ததும், உள்ளே நின்ற நீர் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு வெளியேறும்.

இவ்வகை ஆலைக்காரனின் உறக்கம் சந்திரன் கையில் இருந்தது எனலாம். பெருக்கு நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வருவது. இன்று நண்பகலிலும் நள்ளிரவிலும் சுழலும் சக்கரம், ஒரு வாரத்தில் அதிகாலைக்கும் அந்திக்கும் மாறிவிடும். ஆனால் மழை பொய்த்தாலும் காற்று ஓய்ந்தாலும் அது நின்றதில்லை.

1966ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தின் ரான்ஸ் ஆற்றுமுகத்தில் 240 மெகாவாற்று வலுவுள்ள மின்னிலையம் திறக்கப்பட்டது. அதனை வியந்து பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கட்டடவேலைக்காக ஆற்றுமுகம் ஏறத்தாழ மூன்றாண்டு கடலினின்றும் அடைபட்டுக் கிடந்தது. உள்ளிருந்த கடலுயிர்களுட் பெரும்பாலன மடிந்தன. அவை மீண்டும் நிலைபெறப் பத்தாண்டளவு சென்றது.

ஒதுங்கிய கரைகளுக்கு ஏற்ற பாடம், என் எண்ணப்படி, 1968இல் ருஷ்யாவின் வடகரையில் எழுந்த கிஸ்லாயா குபா நிலையமே. ‘புளித்த குடா’ என்பது அப்பெயரின் பொருள். தொடக்கத்தில் அதன் வலு 400 கிலோவாற்று மட்டுமாகவே இருந்தது. கடுங்குளிர் மிக்க அவ்விடத்தில் கடலை அடைத்துக் கட்டுவது பெருஞ்செலவு. ஆகவே பொறியியலாளர் லெவ் பேர்ன்ஸ்ரைன் நிலையத்தை மேர்மான்ஸ்க் நகரின் அருகே கட்டுவித்து, கப்பலைப்போல் மிதக்கவிட்டு இழுத்துச் சென்று, குடாவின் குறுகிய வாயிலில் அமிழ்த்தி நிறுத்தினார்.

நம் இலங்கைக் கரையில் இது இயலுமா என நேயர்கள் வினவக்கூடும். ரான்சில் நீர்மட்டம் சராசரியாக 8 மீற்றர் ஏறி இறங்குகிறது. இங்கோ ஒரு மீற்றரும் இல்லை. அணைக்குள் நிற்கும் நீரின் சக்தி உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே, அதே பரப்புள்ள குடாவை நாம் அடைத்தாலும், அங்கு கிடைப்பதில் அறுபத்து நான்கில் ஒரு பங்குகூட நமக்குக் கிட்டாது.