வைக்கோல் பரப்பிய வகுப்பறை

'விடுதி' என்றதும் நம் நினைவுக்கு வருவது கல்லூரி மாணவர் விடுதி. அல்லது பேருந்து நிலையத்துக்கு எதிரே விளக்குப் பலகையுடன் நிற்கும் தங்கும் விடுதி. வழிப்போக்கர்களுக்கெனச் சத்திரமும் சாவடியும் நம்மிடம் இருந்தன. ஆனால் அவை யாத்திரிகரையும் வணிகரையும் எதிர்பார்த்து எழுந்தவை. எங்கும் போய்ச் சேரவேண்டிய கட்டாயமின்றி, மலையையும் காட்டையும் காண்பதற்காகவே நடப்பவர்க்கு ஓர் இரவுக் கூரை என்பது வேறு வகையான எண்ணம். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தோன்றியது, அப்படியொரு கூரையின்கீழ் ஓர் இரவைக் கழித்த பிறகுதான்.

இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரி மாவட்டம் எனப்படும் மலைப்பகுதியில் எனர்டேல் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. அதன் தலைமாட்டில் நிற்கிறது பிளாக் செயில் குடில். கல்சுவரும் தாழ்ந்த கூரையுமாக ஒரு சிறிய கட்டடம். முன்பு ஆட்டிடையர்கள் தங்கியது. 1930களில் இளைஞர் விடுதியாயிற்று. இருபது பேருக்கும் குறைவாகவே அங்கே படுக்க இடமுண்டு. விருந்தினர் எவரும் கடைசித் தொலைவை நடந்துதான் கடக்கவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், நண்பர் ஒருவருடன் பட்டர்மியர் ஏரிப்பக்கமிருந்து ஸ்கார்த் கணவாய் ஏறி, மறுபுறம் இறங்கி அங்கே சென்றேன். ஏறும்போது பிடித்த மழை, குடிலின் கதவைத் தட்டும்வரை விடவில்லை.

உள்ளே ஒரு நீண்ட மேசை, கணப்பு, சுவரோரம் வரிசையாக நனைந்த காலணிகள். படுக்கையறையில் அடுக்குக் கட்டில்கள். சமையலறை பொதுவானது. சமைப்பவர் சமைத்தார், உண்டு முடித்தவர் தம் தட்டோடு அடுத்தவர் தட்டையும் கழுவினார், இன்னொருவர் சொல்லாமலே துடைத்து அடுக்கினார். மறுநாள் பாதை எப்படியிருக்கும், ஓடையில் நீர் எவ்வளவு என்பதே அன்றிரவு பேச்சு. நான் யார், என்ன செய்கிறேன் என்று எவரும் கேட்கவில்லை. ஊர்ப் பெயரில் தொடங்கி, தெருவின் பெயர் வழியாக, தான் அறிய விரும்பும் ஒன்றை நோக்கிச் சுற்றிச் சுற்றி வரும் விசாரணைக்குப் பழகிய எனக்கு அந்த மௌனம் வியப்பளித்தது. அது ஆங்கிலேயர்க்கே உரிய ஒதுங்கும் இயல்பாகவும் இருக்கலாம். ஆயினும் இத்தகைய விடுதிகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, 'நீ யார்' என்று கேட்காமல் இடம் கொடுப்பது என்பது இயல்பாக வந்த பண்பு அன்று, ஒருவர் போராடிப் பெற்ற கொள்கை என்பது விளங்கியது.

*

அந்த ஒருவர் ரிச்சர்ட் ஷிர்மான். 1874-இல் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்தவர். தொடக்கப்பள்ளி ஆசிரியர். நிலக்கரிச் சுரங்க நகரமான கெல்சன்கிர்ஷனில் சிறிது காலம் பணியாற்றியபின், 1903-இல் வெஸ்ட்ஃபாலியாப் பகுதியின் அல்டேனாவுக்கு வந்தார். லென்னே ஆற்றின் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் அமைந்த அல்டேனா, கம்பி இழுக்கும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளே அவருடைய மாணவர்கள். காட்டையும் ஓடையையும் பாடப்புத்தகத்தில் படிக்கும் பிள்ளைகளை அவற்றின் அருகே அழைத்துச் செல்வதே கல்வி என்று அவர் கருதினார். வகுப்பை வெளியே நடத்தினார். விடுமுறையில் பல நாள் நடைப்பயணம் கூட்டிச் சென்றார்.

1909 ஆகஸ்டு 26 அன்று அத்தகைய பயணமொன்றில், ப்ரோல் பள்ளத்தாக்கில் ஆசிரியரும் மாணவர்களும் கடும் இடிமழையில் சிக்கிக்கொண்டனர். இறுதியில் கிராமப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. கோடை விடுமுறையாதலால் பள்ளி காலியாக இருந்தது. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, தரையில் வைக்கோல் பரப்பிப் பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள். இரவெல்லாம் இடி இடித்தது. பிள்ளைகள் உறங்கினர், ஆசிரியர் உறங்கவில்லை. அந்த விழிப்பில்தான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது. நாடெங்கும் பள்ளிக்கூடங்கள் விடுமுறையில் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாக அவற்றில் இரண்டு அறைகளைத் திறந்துவிட்டால் போதும். எந்த ஏழைப் பிள்ளையும் நாடு முழுவதும் நடந்துவிடலாம்.

மிக எளிய யோசனை. இதில் புதுமை என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். நடப்பவர்க்கான விடுதி அவர் கண்டுபிடித்ததன்று. அவருக்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1884-இல், குயிடோ ரோட்டர் என்பவர் இன்றைய செக் நாட்டிலுள்ள ஹோஹனெல்பே நகரில் மாணவர் விடுதியைத் தொடங்கியிருந்தார். அம்மலைப்பகுதியில் அத்தகைய விடுதிகள் பெருகவும் செய்தன. ஆனால் அவை உயர்நிலைப்பள்ளி, பல்கலைக்கழக மாணவர்க்கு உரியவை. அந்நாளில் உயர்நிலைப்பள்ளிக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். 1901-இல் பெர்லினை அடுத்த ஷ்டெக்லிட்ஸில் உருவாகி, கிதாரும் முதுகுப்பையுமாகக் காடுகளில் திரிந்த 'வாண்டர்ஃபோகல்' இயக்கத்தினரும் அத்தகையோரே. பதினான்கு வயதில் ஆலைக்குப் போகவேண்டிய பிள்ளைகளுக்கு இவற்றில் இடமில்லை.

ஷிர்மான் 1910-இல் 'கோல்ன்' நகரத்து நாளிதழில் தம் திட்டத்தைக் கட்டுரையாக எழுதியபோது அதற்கு இட்ட பெயரில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மாணவர் விடுதி என்ற வழக்கத்தில் இருந்த சொல்லோடு, பொதுமக்களின் தொடக்கப்பள்ளியைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்தார். கூரை பழையது; அதன்கீழ் யார் வரலாம் என்பதே புதியது.

*

கட்டுரைக்கு ஆதரவு கிடைத்தது. வில்ஹெல்ம் ம்யூங்கர் என்னும் தொழிலதிபர் துணைக்கு வந்தார். இருவரும் வாழ்நாள் தோழர்களாயினர். அல்டேனா மலைமீது அப்போது புதுப்பிக்கப்பட்டு வந்த பழைய கோட்டையில் 1912-இல் ஒரு நிலையான விடுதிக்கு இடம் கிடைத்தது. உலகின் முதல் நிலையான இளைஞர் விடுதி என்று அதையே குறிப்பிடுகிறார்கள். மரப்பலகையால் செய்த மூன்றடுக்குக் கட்டில்கள் கொண்ட அந்த அறைகள் இன்று அருங்காட்சியகமாகக் காக்கப்படுகின்றன. கோமான்களின் கோட்டையில் கம்பி ஆலைத் தொழிலாளியின் மகன் படுத்துறங்கினான் என்பதை ஒரு குறியீடாகவே கொள்ளலாம். விடுதியைப் பார்த்துக்கொள்பவருக்கு ஜெர்மானியர் இட்ட பெயர் 'விடுதித் தந்தை'. அதற்கேற்ப அன்புடன் கண்டிப்பும் இருந்தது. மது, புகை கூடாது. குறித்த நேரத்தில் விளக்கணைக்க வேண்டும். அவரவர் இடத்தை அவரவரே பெருக்கவேண்டும். வேலையாள் இல்லாத இடத்தில்தான் எஜமானும் இல்லாமற் போவான் என்பதே இந்த விதிகளின் உட்பொருள்.

முதல் உலகப்போரில் ஷிர்மானும் படையில் சேர்க்கப்பட்டு, பிரெஞ்சு எல்லையிலுள்ள வோஸ்ஜ் மலைகளில் நிறுத்தப்பட்டார். 1915 கிறிஸ்துமஸின்போது அங்கே நடந்ததை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். போர்முனைக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் தேவாலய மணி ஒலித்ததும், இருதரப்பு வீரர்களும் தாமாகவே துப்பாக்கியைக் கீழே வைத்தனர். கைவிடப்பட்ட பதுங்குகுழிச் சுரங்கங்கள் வழியே ஒருவரையொருவர் சந்தித்தனர். பிரெஞ்சுக்காரர் மதுவும் சிகரெட்டும் தர, ஜெர்மானியர் தம் ஊர்க் கறுப்பு ரொட்டியும் பன்றியிறைச்சியும் தந்தனர். இந்த இளைஞர்கள் போருக்கு முன்பே சந்தித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. ஏழைப் பிள்ளைக்கென்று தொடங்கிய யோசனை, அயல்நாட்டுப் பிள்ளைக்கும் என்று விரிந்தது இங்கேதான்.

1919-இல் விடுதிகளுக்கென நாடு தழுவிய சங்கம் உருவாயிற்று. 1932-க்குள் ஜெர்மனியில் விடுதிகள் இரண்டாயிரத்தைக் கடந்துவிட்டன. அவ்வாண்டு அக்டோபர் 20 அன்று ஆம்ஸ்டர்டாமில் பதினொரு நாடுகளின் சங்கங்கள் கூடிப் பன்னாட்டுக் கூட்டமைப்பை நிறுவின. அடுத்த ஆண்டில் ஷிர்மான் அதன் தலைவரானார்.

*

இந்த வரலாற்றை இங்கேயே முடித்துவிட்டால் நெகிழ்ச்சியான கதையாக இருக்கும். பெரும்பாலான சிறு குறிப்புகள் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் ஆம்ஸ்டர்டாம் கூட்டம் முடிந்து நூற்றிரண்டே நாட்களில், 1933 ஜனவரி 30 அன்று, ஹிட்லர் பதவியேற்றார். வசந்த காலத்துக்குள் பால்டுர் ஃபான் ஷீராக்கின் தலைமையிலான ஹிட்லர் இளைஞர் அமைப்பு விடுதிகள் அனைத்தையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. ம்யூங்கர் வெளியேறினார். ஷிர்மான் சில காலம் பெயரளவில் மதிப்புறு பதவியில் வைக்கப்பட்டிருந்தார். 1936-இல் பன்னாட்டுத் தலைமையிலிருந்தும் விலகும்படி செய்யப்பட்டார். யூத இளைஞர்களுக்குக் கதவுகள் மூடப்பட்டன.

நம்மை உறுத்தவேண்டியது இதுதான்: கட்டடங்கள் மாறவில்லை. அதே அடுக்குக் கட்டில், அதே விளக்கணைப்பு, அதே மலைப்பாதை, நடைபோடும் அதே இளைஞர் கூட்டம். எளிமை, கட்டுப்பாடு, இயற்கை மீதான பற்று, கூடி உண்பது ஆகிய அனைத்தையும் புதிய எஜமானர்கள் வைத்துக்கொண்டார்கள். அவை அவர்களுக்குப் பயன்பட்டன. 'யார் வரலாம்' என்ற ஒன்றை மட்டுமே மாற்றினார்கள். அது மாறியதும் எல்லாம் மாறிவிட்டது. இயற்கையின் மடியில் மனிதன் தானாகவே நல்லவனாகிவிடுவான் என்ற நம்பிக்கை இலக்கியவாதிகளாகிய நமக்கும் உண்டு. ஜெர்மனியின் விடுதிகள் அந்த நம்பிக்கைக்கு வாய்த்த கசப்பான மறுப்பு. வாண்டர்ஃபோகல் கிளைகள் சிலவற்றில் 1933-க்கு வெகு முன்பே யூதர்களை விலக்கும் போக்கு இருந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். நோய் வெளியிலிருந்து மட்டும் வந்ததன்று.

அதற்குள் அந்த எண்ணம் எல்லை கடந்து வேரூன்றிவிட்டதே அதைக் காப்பாற்றியது. பிரிட்டனில் 1930-இல் சங்கம் தொடங்கப்பட்டது, வரலாற்றாசிரியர் ஜி. எம். டிரெவெல்யன் அதன் முதல் தலைவர். அவ்வாண்டின் இறுதியில் வேல்ஸில் திறந்த முதல் விடுதியைத் தண்ணீர்ச் சிக்கலால் விரைவிலேயே மூட நேர்ந்தது. எனினும் பத்தாண்டுக்குள் விடுதிகள் முந்நூறை நெருங்கின. ஓர் இரவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். எழுத்தருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் எட்டும் தொகை அது. காரில் வருபவருக்கு நெடுங்காலம் அனுமதியில்லை.

படுக்க இடம் கிடைத்தபின் அடுத்த கேள்வி எழுந்தது: நடக்க நிலம் எங்கே? மேட்டுநிலங்கள் பெருநிலக்கிழார்களின் வேட்டைக்காடுகளாக இருந்தன. 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான தொழிலாளர் இளைஞர்கள் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் அத்துமீறி ஏறினர். ஐவர் சிறை சென்றனர். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1965-இல், அதே ஏப்ரல் 24 அன்று, 268 மைல் நீளமுள்ள பென்னைன் நடைபாதை திறக்கப்பட்டது. பாதையும் விடுதியும் ஒரே உரிமையின் இரு பகுதிகள் என்பதை இந்த ஆண்டுகள் சொல்கின்றன.

*

ஷிர்மான் போரின் முடிவைக் கண்டார். 1949-இல் ஜெர்மன் சங்கம் மீண்டும் உருவானதையும் கண்டு, 1961 டிசம்பரில் மறைந்தார். இன்று இவ்வியக்கத்துக்கு வேறு வகை நெருக்கடி. சாலை எட்டாத சிறு விடுதிகளைப் பேணுவது செலவு மிக்கது. பிரிட்டன் சங்கம் 2023-இல் இருபது விடுதிகளை விற்பனைக்கு அறிவித்தது. கொடுங்கோலர் பறித்ததைக் காலம் மீட்டுத் தந்தது. கணக்கேடு பறிப்பதை யார் மீட்பார் என்று தெரியவில்லை.

சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளின் பந்தி பிரிக்கப்பட்டதற்கு எதிராக 1920களில் தமிழகமே கொந்தளித்த வரலாறு நம்முடையது. ஆகவே பொதுச் சமையலறையையும் பொதுப் படுக்கையறையையும் சுற்றுலா வசதி என்று மட்டும் நம்மால் பார்க்க இயலாது. நானும் கல்லூரி விடுதிகளை அறிந்தவன். எந்த அறையில் யார் யாரோடு தங்குகிறார்கள் என்பதை எழுதப்படாத எந்தச் சட்டம் தீர்மானிக்கிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

மறுநாள் காலை பிளாக் செயிலில் மழை ஓய்ந்திருந்தது. புறப்படுமுன் எங்களுக்கு விழுந்த வேலை, முன்னறையைப் பெருக்குவது. முந்தின இரவு பத்துப் பன்னிரண்டு பேரின் காலணிகள் கொண்டுவந்த சேறு காய்ந்து கிடந்தது. எந்தச் சேறு யாருடைய காலில் வந்தது என்று பிரித்தறிய வழியில்லை. முழுவதையும் பெருக்கி வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு, விளக்குமாற்றை இருந்த இடத்தில் சாத்தி வைத்துவிட்டு நடந்தோம்.