சுவரோரம் அடுக்கிய புத்தகங்கள்

புத்தகத்தைப் படிப்பவரை ரஸிகர் என்கிறோம். படிக்காமல் வாங்கி அடுக்குகிறவரைத் தனவந்தர் என்கிறோம். அடுக்கி வைத்து உயரத்தை அளந்து பார்ப்பவரை என்னவென்று சொல்வது? பழைய பேப்பர்க் கடைக்காரர் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அப்படி அடுக்கிய ஒருவர் விஞ்ஞான சரித்திரத்தையே புதிய கண்ணோடு பார்க்க வைத்துவிட்டார்.

அவர் பெயர் டெரெக் டி ஸோலா பிரைஸ். லண்டன்காரர். 1947இல், இருபத்தைந்தாவது வயதில், சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரிக்குக் கணிதம் போதிக்க வந்தார். ஜப்பானியர் ஆட்சி போய் இரண்டே வருஷம் ஆகியிருந்த காலம். கல்லூரிக்கு லண்டன் ராயல் சொஸைட்டியின் பத்திரிகைத் தொகுதிகள் வந்து சேர்ந்தன. 1665இல் தொடங்கி 1850 வரையில் வெளியானவை. புத்தகங்கள் வந்துவிட்டன, அவற்றை வைக்க வேண்டிய லைப்ரரிக் கட்டடம் இன்னும் முடியவில்லை. நம் ஊர்களிலும் இது நடக்கிற காரியந்தான். "நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று பிரைஸ் அவற்றைத் தம் இருப்பிடத்துக்கு எடுத்துப் போனார்.

படுக்கைக்குப் பக்கத்தில், பத்து வருஷத்துக்கு ஓர் அடுக்காகச் சுவரோரம் நிறுத்தி வைத்தார். ஏறக்குறைய ஒரு வருஷம் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். நானாக இருந்தால், கரையான் வருகிறதா என்று மட்டும் பார்த்திருப்பேன். அவர் கணித வாத்தியார் அல்லவா? அந்த அடுக்குகளின் தலையை ஒரு கோடாக இணைத்துப் பார்த்தது அவர் கண். முதல் அடுக்குகள் மிகவும் குட்டை. பிறகு கொஞ்சம் உயரம். கடைசியில் இருந்தவையோ கிடுகிடுவென்று சுவரில் ஏறின. படிக்கட்டுப்போல் சீராக அல்ல; வட்டிக்கு வட்டி ஏறுகிற கடன்போல!

தற்செயலாக இருக்கலாம் என்று வேறு பத்திரிகைகளின் கணக்கையும் எடுத்துப் பார்த்தார். அங்கேயும் இதே கதை. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒரு தரம் விஞ்ஞான எழுத்து இரட்டித்துக்கொண்டே வந்திருந்தது. 1950இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சரித்திர மகாநாட்டில் இதைச் சொன்னார். ஒருவரும் அசைந்து கொடுக்கவில்லை. அரசர்களையும் மேதைகளையும் பற்றிப் பேசுகிற சபையில் ஒருவர் அடுக்கின் உயரத்தைப் பேசினால் வேறென்ன நடக்கும்?

அவருக்கு முன்னும் எண்ணியவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கணக்குப் பார்த்த லோட்கா, 1926இல் ரசாயனக் கட்டுரை ஆசிரியர்களின் பெயர்களை எண்ணினார். ஒரே ஒரு கட்டுரை எழுதியவர்கள் நூறு பேர் என்றால், இரண்டு எழுதியவர்கள் சுமார் 25 பேர், மூன்று எழுதியவர்கள் 11 பேர் என்று கண்டார். (நாவலாசிரியர்களிடமும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம், எனக்குத் தைரியம் இல்லை.) சீர்காழியில் பிறந்து, சென்னையில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1948இல் இங்கிலாந்தில் ஒரு கூட்டத்தில் இந்த வித்தைக்கு 'லிப்ராமெட்ரி' என்றே பெயர் வைத்தார். கணித வாத்தியார்களைப் புத்தகத்தோடு தனியே விட்டால் இப்படித்தான் ஆகிறது!

பிரைஸ் 1961லும் 1963லும் எழுதிய இரண்டு புத்தகங்கள்தாம் உலகத்தைத் திரும்பிப் பார்க்கச் செய்தன. அவர் வளர்ச்சியைப் புகழ்ந்து பாடவில்லை. இப்படியே பெருகினால் ஜனங்களைவிட விஞ்ஞானிகள் அதிகமாகிவிடுவார்களே, ஆகையால் எங்கேயோ தேங்கித்தான் தீர வேண்டும் என்று எச்சரித்தார்.

இதற்குள் பிலடெல்பியாவில் யூஜீன் கார்ஃபீல்டு என்பவர் வேறொரு பேரேடு திறந்திருந்தார். எந்தத் தீர்ப்பைப் பின்னால் எந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டியது என்று வக்கீல்கள் வைத்திருக்கும் அட்டவணையைப் பார்த்து, ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் அதேபோல் ஒன்று செய்தார். 1964இல் அது வெளிவந்தது. அதை வைத்துக்கொண்டு, யாரிடமிருந்து யாருக்கு எண்ணம் போயிற்று என்று பிரைஸ் 1965இல் வரைந்து காட்டினார்.

சரித்திரம் அங்கேயே நின்றிருந்தால் நன்றாயிருக்கும். ஒரு பத்திரிகையின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை தரம் எடுத்துக் காட்டப்படுகின்றன என்ற எண்ணையும் கார்ஃபீல்டு உண்டாக்கினார். எந்தப் பத்திரிகையைச் சேர்ப்பது என்று தீர்மானிக்க உதவிய எண் அது. நாளடைவில் அது மனிதர்களின் தலைமேல் ஏறிவிட்டது. யாருக்கு உத்தியோகம், யாருக்கு உயர்வு என்பதையெல்லாம் அதைக் கொண்டு நிர்ணயிக்கலானார்கள். இது கூடாது என்று 2012இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் பத்திரிகை ஆசிரியர்களும் அறிஞர்களும் கூடிப் பேசி ஓர் அறிக்கையே தயாரிக்க வேண்டியதாயிற்று.

என் சகோதரி மகன் ஓரிடத்தில் ஆராய்ச்சி செய்கிறான். இரண்டு வருஷ உழைப்பை ஒரே கட்டுரையாக எழுதினான். அதை மூன்றாக வெட்டி மூன்று பத்திரிகைகளுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள். சென்ற மாதம் வந்திருந்தபோது சிங்கப்பூர்க் கதையை அவனுக்குச் சொன்னேன்.

"மாமா, அத்தனையையும் அவர் படித்தாரா, இல்லை, எண்ணினதோடு சரியா?" என்று கேட்டான்.

"ஒரு வருஷம் படித்தாராம்."

"ஒரு வருஷமா!" என்றான். பிறகு மூன்றாவது துண்டுக்குத் தலைப்பு யோசிக்க உட்கார்ந்தான்.