ஸ்டூடபேக்கர் வண்டியின் கதை

மோட்டார் வண்டி என்னும் புதுமை அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பரவத் தொடங்கிய காலத்தில், அதனைச் செய்து விற்க முன்வந்த கம்பனிகள் நூற்றுக்கணக்கானவை. சைக்கிள் செய்தோரும் இயந்திரம் செய்தோரும் அத்தொழிலில் இறங்கினர். குதிரை வண்டி செய்தோரும் இறங்கினர். ஆயின், குதிரை வண்டியாற் பெற்ற பெயரை மோட்டார் வண்டியிலும் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காத்தவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் முதலிடம் பெறத் தக்கது ஸ்டூடபேக்கர் கம்பனியாகும். 1852 ஆம் ஆண்டிலே தொடங்கி 1966 ஆம் ஆண்டிலே முடிந்த அதன் வரலாறு, ஒரு தொழில் எவ்வாறு வளர்கிறது என்பதையும், வளர்ந்த தொழில் எவ்வாறு தளர்கிறது என்பதையும் ஒருங்கே காட்டுவது.

இந்தியானா மாநிலத்திலே, சென் ஜோசப் ஆற்றின் கரையில் அமைந்த ஊர் சவுத் பெண்ட். 1852 ஆம் ஆண்டு, கொல்லர் ஒருவரின் மக்களான ஹென்றி, கிளெமென்ற் என்னும் இரு சகோதரர்கள் அவ்வூரில் ஒரு கொல்லன் பட்டறையைத் திறந்தனர். அவர்களிடம் இருந்த முதல் 68 டொலர். அதனோடு உலைக்களத்துக்கு வேண்டிய கருவிகள். குதிரைக்கு இலாடம் அடிப்பதும் உடைந்த வண்டிகளைத் திருத்துவதுமே அவர்களது அன்றாடத் தொழில். இடையிடையே வண்டிகளும் செய்து விற்றனர்.

தம்பியாகிய ஜோன் ஸ்டூடபேக்கருக்கோ கலிபோர்ணியாவிலே பொன் கிடைக்கிறது என்ற செய்தி உறக்கத்தைக் கெடுத்தது. தமையன்மாரோடு சேர்ந்து ஒரு வண்டியைச் செய்து, அதனையே பயணச் செலவுக்கு ஈடாக மேற்கே செல்லும் வண்டிக் கூட்டமொன்றுக்குக் கொடுத்து, 1853 ஆம் ஆண்டிலே பிளேசர்வில் என்னும் பொன் தேடுவோர் ஊரை அடைந்தார். வந்து சேர்ந்தபோது அவர் கையில் இருந்தது 50 சதம் என்பர். ஆயினும் அவர் பொன் தோண்டப் போகவில்லை. அங்கிருந்த கொல்லர் ஒருவரிடம் அமர்ந்து, தோண்டுவோருக்கு வேண்டிய ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டிகளைச் செய்யலானார். பொன் தேடியவருட் பலர் வெறுங்கையோடு திரும்பினர். அவர்களுக்குத் தள்ளுவண்டி செய்து கொடுத்தவரோ, ஐந்து ஆண்டுகளில் 8,000 டொலர் மிச்சம் பிடித்தார். 'தள்ளுவண்டி ஜோனி' என்ற பட்டப் பெயரும் அவருக்கு வாய்த்தது.

1858 ஆம் ஆண்டிலே ஜோன் ஊர் திரும்பினார். அப்பொழுது மூத்தவராகிய ஹென்றி தொழிலை விட்டு விலக எண்ணியிருந்தார். போரை வெறுக்கும் ஒரு கிறிஸ்தவ சபையைச் சார்ந்த அவருக்கு, படைகளுக்கு வண்டி செய்து கொடுப்பது மனத்துக்கு ஒவ்வாததாயிற்று. அவரது பங்கை ஜோன் வாங்கிக் கொண்டார். பொன் தேடுவோர் கொடுத்த பணம் இவ்வாறு சவுத் பெண்ட் பட்டறைக்கு முதலாயிற்று. 1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டதும், வடபுலத்துப் படைகளுக்கு உணவும் வெடிமருந்தும் சுமக்க வண்டிகள் வேண்டப்பட்டன. அவற்றுட் பல ஸ்டூடபேக்கர் பட்டறையிலிருந்து சென்றவை. போர் முடிந்தபின், மேற்கே குடியேறச் சென்ற உழவர்களும் அப்பெயரையே நாடினர். நன்கு உலர்ந்த வைரமான மரம், உறுதியான இரும்புப் பட்டம், பளு ஏற்றினாலும் முறியாத அச்சு ஆகியவற்றை அவ்வண்டியில் எதிர்பார்க்கலாம் என்பது உழவர்களின் அனுபவம். 1872 இலும் 1874 இலும் பெருந்தீ பட்டறையை அழித்தது. இரு முறையும் அது முன்னையினும் பெரிதாக எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன், உலகிலேயே மிகப் பெரிய வண்டித் தொழிற்சாலைகளுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது.

குதிரையில்லா வண்டி வந்தபோது, ஜோனின் மருமகனாகிய பிரெடரிக் பிஷ் என்பவரே அதன் எதிர்காலத்தை முதலில் உணர்ந்தவர். 1902 ஆம் ஆண்டில் மின்கலத்தால் ஓடும் வண்டிகளைக் கம்பனி விற்கத் தொடங்கியது; முதலாண்டில் விற்றவை 20 மாத்திரமே. 1904 இல் பெற்றோல் வண்டி வந்தது. அதன் அடித்தளத்தையும் எஞ்சினையும் வேறொரு தொழிற்சாலை செய்தது. ஸ்டூடபேக்கர் மேற்கூட்டைப் பொருத்திக் கொடுத்தது. பின்னர் டெற்றோயிற் நகரத்து ஈ.எம்.எஃப். என்னும் கம்பனியின் வண்டிகளை விற்கும் பொறுப்பையும் ஏற்று, இறுதியில் அக்கம்பனியையே வாங்கிக் கொண்டது.

அங்கேதான் முதற் சோதனை வந்தது. ஈ.எம்.எஃப். வண்டிகள் அடிக்கடி பழுதாயின. அம்மூன்று எழுத்துக்களுக்கும் 'காலைதோறும் பழுதுபார்' என்று ஆங்கிலத்திலே விரிவு கூறி, வாங்கியவர்கள் நகைத்தனர். வண்டிக்காரர்களின் நன்மதிப்பை ஐம்பது ஆண்டுகள் கட்டிக் காத்த ஜோன் ஸ்டூடபேக்கரால் இந்த நகைப்பைத் தாங்க முடியவில்லை. குறை கூறியோரின் வீடுகளுக்கே இயந்திரவியலாளரை அனுப்பி, பழுதான உறுப்புக்களை மாற்றிக் கொடுக்கச் செய்தார். அதற்கு 10 இலட்சம் டொலர் செலவாயிற்று என்பர். வண்டியை விற்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை என்று கொண்ட அந்தப் பழைய கொல்லர், 1917 ஆம் ஆண்டிலே காலமானார். ஐந்து சகோதரர்களுள் மோட்டார் யுகத்தின் வளர்ச்சியைக் காண வாழ்ந்திருந்தவர் அவர் ஒருவரே. 1920 ஆம் ஆண்டோடு சவுத் பெண்டில் குதிரை வண்டி செய்யும் தொழிலும் நின்றது.

அதன்பின் தலைமை வகித்த அல்பேட் எர்ஸ்கின், கம்பனியைப் பெருக்கினார். ஆயின் 1929 இற் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியை அவர் நெடுங்காலம் நிலைக்காதென மதித்து, இலாபம் குன்றிய காலத்திலும் பங்காளருக்குப் பங்குலாபத்தை வாரி வழங்கினார். கையிருப்புக் கரைந்தது. 1933 மார்ச்சு மாதத்தில் கம்பனி நீதிமன்றப் பொறுப்பாளரின் கைக்கு மாறிற்று. அவ்வாண்டு யூலை மாதத்தில் எர்ஸ்கின் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். பொறுப்பேற்ற போல் ஹொஃப்மன், ஹரல்ட் வான்ஸ் என்னும் இருவரும் இரண்டே ஆண்டுகளில் கம்பனியை மீட்டெடுத்தனர். இந்த ஹொஃப்மனே பிற்காலத்தில், போரால் நொந்த ஐரோப்பாவை மீட்பதற்கான மார்ஷல் திட்டத்தை நிருவகித்தவர்.

மீட்சிக்குப் பின் வந்த வண்டிகளே உரியோரின் உள்ளத்தில் நிலைத்தவை. 1936 இல் வந்த ஒரு சிறு அமைப்பு அவற்றுட் குறிப்பிடத் தக்கது. ஏற்றத்திலே வண்டியை நிறுத்தி மீண்டும் எடுக்கும்போது, கிளச்சு, பிறேக், அக்சிலறேற்றர் ஆகிய மூன்று மிதிகளுக்கும் இரண்டு கால்கள் போதாமல், வண்டி பின்னோக்கி உருள்வதைச் சாரதிகள் அறிவர். ஸ்டூடபேக்கரிலோ, ஏற்றத்தில் பிறேக்கை மிதித்துக் கிளச்சையும் அழுத்தினால், கிளச்சை விடும் வரை பிறேக்கும் பிடித்தபடியே இருக்கும். மலைப்பாதையில் ஓட்டியோர் இதனை மறக்கவில்லை. 1939 இல் வந்த 'சம்பியன்' என்னும் இலேசான வண்டி, பெற்றோற் செலவு குறைந்தது என்று பெயர் பெற்றது. சிக்கனமான குடும்பத்தினருக்கு அதுவே உவந்த வண்டியாயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது இக்கம்பனி விமான எஞ்சின்களையும், ஏறக்குறைய 2 இலட்சம் இராணுவ லொறிகளையும் செய்தது. மூன்று அச்சுக்களைக் கொண்ட அந்த லொறிகளின் பெரும்பகுதி சோவியத் நாட்டுக்குச் சென்றது. சேற்றிலும் பனியிலும் சளைக்காது சென்ற அவற்றின் மீதே 'கத்யூஷா' என்னும் ஏவுகணைச் சட்டங்களைச் செஞ்சேனையினர் பொருத்தினர். அமெரிக்காவை ஒருநாளும் கண்டிராத உருசியச் சாரதிகளின் நாவிலும் ஸ்டூடபேக்கர் என்னும் பெயர் அன்போடு புழங்கியது.

போர் முடிந்ததும், பெரிய கம்பனிகள் பழைய உருவையே விற்றுக் கொண்டிருக்க, 1947 ஆம் ஆண்டு மொடலாக முற்றிலும் புதிய வடிவத்தை ஸ்டூடபேக்கர் வெளியிட்டது. இறேமண்ட் லோவி என்னும் வடிவமைப்பாளரின் குழுவினரும் வேர்ஜில் எக்ஸ்னர் என்பவரும் அதற்கு உருக்கொடுத்தனர். பின்புறக் கண்ணாடி பக்கங்கள் வரை வளைந்திருந்ததால், வண்டி வருகிறதா போகிறதா என்று தெரியவில்லையே என ஊரார் நகையாடினர். நகையாடியோரும் நின்று பார்த்தனர். 1950 ஆம் ஆண்டு மொடலின் மூக்கு துப்பாக்கிக் குண்டு போன்றது. அந்த மொடலில் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. அதுவே கம்பனியின் உச்சம்.

1953 இல் வந்த தாழ்ந்த இருகதவு வண்டி, அமெரிக்க மோட்டார் வண்டிகளுள் மிக அழகியவற்றுள் ஒன்றென இன்றும் போற்றப்படுகிறது. ஆயின் அழகோடு குறையும் வந்தது. அடிச்சட்டம் போதிய விறைப்பின்றி நெளிந்தமையால், முன்புறத் தகடுகள் பொருந்தாமல் வேலை தாமதித்தது. இருகதவு வண்டியை மக்கள் விரும்பிக் கேட்க, தொழிற்சாலையோ நான்கு கதவு வண்டிகளையே மிகுதியாகச் செய்து வைத்திருந்தது. அக்கால வண்டிகளை வைத்திருந்தோர் கூறுவது ஏறக்குறைய ஒன்றே: எஞ்சின் உழைக்கும், தகடு கறள் பிடிக்கும். முன் மட்காட்டுகளில், விளக்குக்குப் பின்னே சேறு தங்கி, அங்கேயே கறள் முதலில் தோன்றும்.

போட் கம்பனியும் ஜெனரல் மோட்டோர்சும் 1953, 1954 ஆம் ஆண்டுகளில் விற்பனைப் போட்டியில் இறங்கியபோது, சிறிய கம்பனிகள் நசுங்கின. தொழிலாளருக்குப் பிற கம்பனிகளினும் உயர்ந்த கூலி கொடுத்து வந்த ஸ்டூடபேக்கரின் வண்டி விலையும் உயர்ந்தே நின்றது. 1954 இல் அது பக்காட் கம்பனியோடு இணைந்தது. நலிந்த இருவர் கைகோத்ததால் வலிமை பிறக்கவில்லை. 1959 ஆம் ஆண்டில் வந்த 'லார்க்' என்னும் சிறிய வண்டி சிறிது மூச்சுக் கொடுத்தது. மறு ஆண்டிலேயே மூன்று பெரிய கம்பனிகளும் சிறிய வண்டிகளைச் சந்தைக்குக் கொணர்ந்தன. 'அவந்தி' என்னும் கண்ணாடி நார் உடல் கொண்ட விரைவு வண்டி கடைசி முயற்சி. உடற்பகுதிகள் உரிய காலத்தில் வந்து சேராமையால் அதுவும் கைகொடுக்கவில்லை.

1963 டிசெம்பர் 9 ஆம் நாள், சவுத் பெண்ட் தொழிற்சாலை மூடப்படும் என்ற அறிவித்தல் வெளியாயிற்று. தந்தையும் மகனும் ஒரே தொழிற்சாலையில் உழைப்பதைக் கம்பனி விளம்பரங்களிற் பெருமையாகக் காட்டியதுண்டு. அத்தகைய குடும்பங்களுக்கே அவ்வறிவித்தல் இடியாக விழுந்தது. இளைப்பாற்றுச் சம்பளத்துக்கென வைத்திருந்த நிதி போதவில்லை. 60 வயதை அடைந்தோர் முழுமையாகப் பெற்றனர். 40 க்கும் 59 க்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 4,000 பேர், தமக்குரியதில் நூற்றுக்கு 15 பங்கு அளவே பெற்றனர். அதற்கு இளையோர் ஒன்றும் பெறவில்லை. அவர்களது இழப்பு வீண்போகவில்லை என்பது ஒன்றே ஆறுதல்: தொழிலாளரின் இளைப்பாற்றுப் பணத்தைக் காக்கும் சட்டம் 1974 இல் அமெரிக்காவில் நிறைவேறுவதற்குச் சவுத் பெண்டின் துன்பமே பெருஞ் சான்றாக எடுத்துக் காட்டப்பட்டது.

கனடாவிலே, ஹமில்ரன் நகரத் தொழிற்சாலை மேலும் சிறிது காலம் நடந்தது. 1966 மார்ச்சு 17 ஆம் நாள் கடைசி வண்டி அங்கிருந்து வெளிவந்தது. கம்பனி மறைந்தும் வண்டிகள் மறையவில்லை. 1962 இல் தொடங்கிய உரிமையாளர் சங்கம், பழைய வண்டிகளுக்கு வேண்டிய உறுப்புக்களையும் அறிவையும் பரிமாறி அவற்றை ஓடச் செய்து வருகிறது. சவுத் பெண்டிலுள்ள நூதனசாலையில், குடியேறிகளின் வண்டி முதல் கடைசி மோட்டார் வரை வரிசையாக நிற்கின்றன. ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட இரவில் அவர் ஏறிச் சென்ற குதிரை வண்டியும் அங்கேயே உள்ளது. அது வேறொருவர் செய்தது, ஆயினும் கிளெமென்ற் ஸ்டூடபேக்கர் தேடி வாங்கியது. நகருக்கு மேற்கே, முன்னர் வண்டிகளைப் பரீட்சித்த நிலத்தில், 1930 களின் பிற்பகுதியிலே ஏறக்குறைய 5,000 பைன் மரக்கன்றுகளை நட்டுக் கம்பனியின் பெயரை எழுதினர். வானிலே செல்வோர் அதனைப் படிக்கலாம்.

தள்ளுவண்டி செய்த கையிலிருந்து தொடங்கிய தொழில், தான் விற்ற பண்டத்துக்குத் தானே பொறுப்பு என்ற எண்ணத்தினால் வளர்ந்தது. காலைதோறும் பழுதான வண்டியின் உரிமையாளரைத் தேடிச் சென்று திருத்திக் கொடுத்த கம்பனி, தன்னிடம் வாழ்நாளைக் கொடுத்த தொழிலாளரை அவ்வாறு தேடிச் செல்ல இயலாமற் போயிற்று. ஸ்டூடபேக்கரின் பெருமையை அளப்போர் இவ்விரண்டையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.