ஹாரி ரைட்

ஹாரி ரைட் (1835–1895) அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் முதல் தலைமுறை ஆட்டக்காரர். அணித் தலைவராகவும் மேலாளராகவும் இருந்து வீரர்களைப் பழக்கியவர். பிறந்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில். தந்தை சாம், நியூயார்க்கின் செயின்ட் ஜார்ஜ் கிரிக்கெட் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடியவர்.

மகனும் அதே வழியில்தான் போனார். 1858இல் நிக்கர்பாக்கர் கிளப்பில் பேஸ்பால் ஆடத் தொடங்கினாலும் பிழைப்பு கிரிக்கெட்டில் இருந்தது. 1865இல் சின்சினாட்டிக்குக் குடிபெயர்ந்ததே அங்குள்ள கிரிக்கெட் கிளப் ஒன்று ஆண்டுக்கு 1,200 டாலர் தந்ததால்தான்.

அதுவரை பேஸ்பாலில் பணம் மறைவாகவே கைமாறியது. 1869இல் ரைட் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணி முழுவதையும் வெளிப்படையாகச் சம்பளத்துக்கு அமர்த்தினார். நட்சத்திரம் அவருடைய தம்பி ஜார்ஜ். அவருக்கு 1,400 டாலர், தலைவரான அண்ணனுக்கு 1,200. புதிதாகத் திறந்த ரயில் பாதையில் சான் பிரான்சிஸ்கோ வரை போய் ஆடிய அந்த அணி, அவ்வாண்டு கிளப் அணிகளுடன் மோதிய 57 ஆட்டங்களிலும் வென்றது. பந்தெறிபவர் ஏசா பிரெய்னார்டின் வேகத்துக்கு எதிரணி பழகிவிட்டால், நடு மைதானத்தில் நிற்கும் ரைட்டே வந்து மெதுவான பந்துகளை வீசித் தடுமாற வைப்பார்.

1870 ஜூன் 14 அன்று புரூக்ளினில் அட்லாண்டிக்ஸ் அணியுடனான ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 5–5 என நின்றது. சமநிலையே போதும் என்று எதிரணி கொண்டாடத் தொடங்க, ரைட் விதியைக் காட்டி ஆட்டத்தைத் தொடர வைத்தார். பதினோராவது இன்னிங்ஸில் சின்சினாட்டி இரண்டு ரன் முன்னிலை பெற்றும், அட்லாண்டிக்ஸ் மூன்று எடுத்து 8–7 என வென்றது. பிடிவாதத்துக்குக் கொடுத்த விலை!

அந்த சீசனோடு சின்சினாட்டி கிளப் சம்பள ஆட்டத்தைக் கைவிட்டது. ரைட் சில வீரர்களையும் 'ரெட் ஸ்டாக்கிங்ஸ்' பெயரையும் பாஸ்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே 1872 முதல் 1875 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள். புதிய நேஷனல் லீகிலும் 1877, 1878 ஆண்டுகளில் இரண்டு. ஆட்டங்களுக்கு நாள் குறிப்பது, நுழைவுக் கட்டண வசூல், மைதானப் பராமரிப்பு, கணக்குப் புத்தகம் எல்லாம் அவர் பொறுப்பு. 1874இல் இரு அணிகளை இங்கிலாந்துக்கு அழைத்துப்போனபோது, 11 பேருக்கு எதிராக 18 பேரை இறக்கி கிரிக்கெட்டும் ஆடினார்கள்.

பிறகு பிராவிடன்ஸ், பிலடெல்பியா அணிகளின் மேலாளர். 1890இல் பார்வை மங்கி, பல வாரங்கள் விலகியிருந்தார். 1893இல் பதவி முடிந்தபின் லீக் அவரை நடுவர்களின் தலைவராக்கியது. பேஸ்பால் புகழ் மன்றத்தில் 1953இல்தான் இடம் கிடைத்தது. தம்பி ஜார்ஜ் 1937இலேயே சேர்க்கப்பட்டிருந்தார்.