ஆர்தர் பால்ஃபர்: 67 சொற்களுக்கு முன்னும் பின்னும்

ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் தேதி நெருங்கும்போது ‘பால்ஃபர் பிரகடனம்’ என்ற சொல் நம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் அடிபடும். பெயர் தெரிந்த அளவுக்கு ஆளைத் தெரிந்தவர்கள் நம்மில் குறைவு. யார் இந்த பால்ஃபர்? தனக்குச் சொந்தமில்லாத ஒரு மண்ணை, அங்கு வாழ்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வேறொருவருக்கு வாக்களிக்கும் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது? அந்தக் கடிதத்தில் அவர் கையெழுத்திட்டபோது வயது 69. விடையைத் தேட வேண்டிய இடம் 1917 மட்டுமல்ல, அதற்கு முந்தைய அவருடைய வாழ்க்கையும்தான்.

ஆர்தர் ஜேம்ஸ் பால்ஃபர் 1848 ஜூலை 25 அன்று ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியிலுள்ள விட்டிங்ஹாம் மாளிகையில் பிறந்தார். அந்த மாளிகைக்கும் அதைச் சுற்றியிருந்த நிலங்களுக்கும் பணம் வந்த வழி நமக்குத் தூரமானதல்ல. அவருடைய தாத்தா கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக மதராசுக்கு வந்தவர். பிறகு பிரிட்டிஷ் கடற்படைக்கு உணவுப் பொருட்கள் வழங்கும் ஒப்பந்தம் எடுத்துப் பெரும் செல்வம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார். வாட்டர்லூ போரில் வென்ற வெலிங்டன் பிரபுதான் பால்ஃபரின் ஞானத்தந்தை. ‘ஆர்தர்’ என்ற பெயரே அவரிடமிருந்து வந்தது.

தந்தை 1856இல் காசநோயில் இறந்தார். பிள்ளைகளை வளர்த்தவர் தாய் பிளான்ச். பைபிள் வாசிப்பில் ஊறிய, கண்டிப்பான கிறிஸ்தவப் பெண்மணி. பழைய ஏற்பாட்டின் ஊர்ப் பெயர்களும் கதைகளும் சிறு வயதிலேயே மகனின் மனதில் பதிந்தன. அந்தத் தாயின் உடன்பிறந்த தம்பிதான் சாலிஸ்பரி பிரபு. பிற்காலத்தில் மூன்று முறை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர்.

ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி என்று பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள் போகும் பாதையிலேயே பால்ஃபரும் போனார். 21 வயதில் சொத்து கைக்கு வந்தபோது பிரிட்டனின் பெரும் பணக்கார இளைஞர்களில் அவரும் ஒருவர். (அந்தச் சொத்தில் பெரும்பகுதியைப் பிற்காலத்தில் சதுப்பு நிலக் கரியிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் ஒரு தொழிலில் போட்டு இழந்தார் என்பது தனிக் கதை.) தத்துவத்தில் நாட்டம், டென்னிஸ், கோல்ஃப், இசை, நண்பர்களோடு உரையாடல் என்று நாட்கள் கழிந்தன. 1879இல் தத்துவ ஐயவாதத்தை ஆதரித்து ஒரு நூலும் எழுதினார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. இவர் அரசியலில் தேறுவார் என்று அன்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

ஆனால் தாய்மாமன் இருந்தாரே! 1874இல் ஹெர்ட்ஃபோர்டு தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1878இல் பெர்லின் மாநாட்டுக்குச் சாலிஸ்பரியின் செயலாளராகப் போனார். உஸ்மானியப் பேரரசின் பால்கன் பகுதிகளை ஐரோப்பிய வல்லரசுகள் மேசையில் வைத்துப் பங்கிட்ட மாநாடு அது. மாமன் பிரதமரானதும் பதவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

1887இல் அயர்லாந்து விவகாரங்களுக்கான அமைச்சர் பொறுப்பு கிடைத்தது. மருமகனுக்கு மாமன் கொடுத்த பதவி என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றது. குத்தகை விவசாயிகள் நில உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த காலம். பால்ஃபர் கடுமையான அடக்குமுறைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று மிட்செல்ஸ்டவுன் என்ற ஊரில் கூட்டத்தின் மீது காவல்துறை சுட்டதில் மூன்று பேர் இறந்தனர். நாடாளுமன்றத்தில் அவர் காவல்துறையின் பக்கமே உறுதியாக நின்றார். ‘இரத்தக்கறை பால்ஃபர்’ என்று ஐரிஷ் மக்கள் அவருக்குப் பெயர் வைத்தது அப்போதுதான்.

அந்தச் சட்டத்தின் கீழ் சிறை சென்றவர்களில் ஒருவர் வில்ஃபிரட் பிளன்ட். இவரும் ஆங்கிலேயப் பிரபுக் குடும்பத்தவர்தான், பால்ஃபருக்கு அறிமுகமானவர்தான். ஆனால் எகிப்தின் ஒராபி பாஷாவுக்காக லண்டனில் வாதாடியவர். முஸ்லிம் உலகின் எதிர்காலம் பற்றி அக்கறையோடு நூல் எழுதியவர். இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டிருந்த ஒராபியை 1883இல் அங்கு வந்து நேரில் கண்டவர். ஒரே வர்க்கத்தில் பிறந்தாலும் மனிதர் போகும் திசை வேறாக இருக்க முடியும் என்பதற்கு பிளன்ட் கண்முன் இருந்த சாட்சி. அவர் ஐரிஷ் விவசாயிகளுக்காகப் பேசிச் சிறைக்குப் போனார். அவரை உள்ளே வைத்தது பால்ஃபரின் சட்டம்.

அதே பால்ஃபர் அயர்லாந்தின் வறிய மேற்குப் பகுதிகளுக்கு ரயில் பாதையும் வளர்ச்சி வாரியமும் கொடுத்தார், குத்தகைதாரர்கள் நிலம் வாங்கக் கடன் வசதியும் செய்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு எது நல்லது என்று எங்களுக்குத் தெரியும், செய்து தருகிறோம், ஆட்சியில் பங்கு மட்டும் கேட்காதீர்கள் என்பதுதான் அவருடைய முறை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் இதே முறையை வேறோர் ஊரில் பார்க்கிறோம்.

1902 ஜூலையில் மாமன் ஓய்வு பெற, மருமகன் பிரதமரானார். மூன்றரை ஆண்டு ஆட்சி. இங்கிலாந்தின் பள்ளிக் கல்வியை உள்ளாட்சி அமைப்புகளின் கீழ் ஒழுங்குபடுத்திய 1902ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும், 1904இல் பிரான்ஸுடன் செய்த உடன்பாடும் அவர் காலத்தவை. அந்த உடன்பாட்டில் எகிப்து பிரிட்டனுக்கு, மொராக்கோ பிரான்ஸுக்கு என்று ஒருவர் மற்றவரின் கையை ஏற்றுக்கொண்டார்கள். 1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோதும் லண்டனில் பிரதமர் இவர்தான்.

இங்கே நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 1905ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம். ரஷ்யாவில் யூதர்கள் மீது கொலைவெறித் தாக்குதல்கள் நடந்தன. உயிர் பிழைத்தவர்கள் கப்பலேறி லண்டனின் கிழக்குப் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வருகையைக் கட்டுப்படுத்தத்தான் பால்ஃபர் அரசு இந்தச் சட்டத்தை இயற்றியது. தங்களுக்குள்ளேயே மணம் முடித்துக்கொண்டு தனித்து வாழும் மக்கள் பெருமளவில் குடியேறுவது நாட்டுக்கு நல்லதல்ல என்ற பொருளில் அவரே நாடாளுமன்றத்தில் பேசினார். தன் நாட்டின் கதவை யூத அகதிகளுக்குச் சாத்தியவர்தான், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொருவர் வீட்டின் கதவை அவர்களுக்குத் திறந்துவிட்டார். அவர் யூதர்களின் நண்பரா, இல்லையா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். இரண்டும் ஒரே மனதில் இருந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1906 தேர்தலில் கட்சி படுதோல்வி. மான்செஸ்டரில் பால்ஃபரே தன் தொகுதியை இழந்தார். அந்தப் பிரச்சார நாட்களில்தான், ரஷ்யாவில் பிறந்து மான்செஸ்டரில் வேதியியல் கற்பித்துவந்த கைம் வைஸ்மானை ஒரு ஹோட்டலில் சந்தித்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலம் தருவதாக பிரிட்டன் சொன்னதை சியோனிஸ்டுகள் ஏன் மறுத்தார்கள் என்பது அவருடைய கேள்வி. லண்டனுக்குப் பதில் பாரிஸைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று வைஸ்மான் திருப்பிக் கேட்டதாகவும், ஜெருசலேம் தங்களுடையது என்று சொன்னதாகவும் அவருடைய நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. ஜெருசலேமைப் பற்றிய அந்த உரையாடலில் ஜெருசலேம்வாசி ஒருவர்கூட இல்லை!

1911இல் கட்சித் தலைமையை விட்டார். உலகப் போர் அவரை மீண்டும் மேலே கொண்டுவந்தது. 1915இல் சர்ச்சிலின் இடத்தில் கடற்படை அமைச்சர். 1916 டிசம்பரில் லாயிட் ஜார்ஜ் அரசில் வெளியுறவு அமைச்சர்.

அந்தக் கடிதம்

1917இல் பிரிட்டனுக்குப் போர் சாதகமாக இல்லை. அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் உள்ள யூதர்களின் ஆதரவு போருக்கு உதவும் என்று அமைச்சரவை நம்பியது. சூயஸ் கால்வாய்க்கு அருகில் நட்பான ஒரு குடியேற்றம் இருப்பதும் வசதி. லாயிட் ஜார்ஜும் பால்ஃபரும் பைபிள் கேட்டு வளர்ந்தவர்கள் என்பது இதோடு சேர்ந்தது. அதற்குள் பிரிட்டன் அரபுகளின் சுதந்திரத்தை ஆதரிப்பதாக மக்காவின் ஷரீஃப் ஹுசைனுக்குக் கடிதங்கள் எழுதியிருந்தது. பிரான்ஸுடன் ரகசியமாக சைக்ஸ்-பிகோ பங்கீடும் செய்துகொண்டிருந்தது. ஒரே நிலம், மூன்று வாக்குறுதிகள்.

அமைச்சரவையில் எதிர்ப்பு இல்லாமலில்லை. மிகக் கடுமையாக எதிர்த்தவர் அரசிலிருந்த யூதரான எட்வின் மாண்டேகு. அன்றைய இந்தியா அமைச்சர். யூதர்களுக்கு வேறொரு நாடு இருக்கிறது என்று அறிவித்தால், தாங்கள் வாழும் நாடுகளிலெல்லாம் அவர்கள் அந்நியர்களாக்கப்படுவார்கள் என்று அவர் எச்சரித்தார். இந்தியாவின் முன்னாள் வைஸ்ராய் கர்சனோ, அங்கே ஏற்கனவே வாழும் மக்களின் கதி என்ன என்று கேட்டார். மாண்டேகு இந்தியாவுக்குப் புறப்பட்டுவிட, அக்டோபர் 31 அன்று அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இரண்டு நாள் கழித்து ரோத்ஸ்சைல்ட் பிரபுவுக்கு பால்ஃபர் கையெழுத்திட்ட கடிதம் போனது. அன்றைக்கு ஜெருசலேம் உஸ்மானியர் வசமே இருந்தது. ஜெனரல் அலன்பி அங்கு நுழைந்தது டிசம்பர் 11இல்தான்.

பிரகடனத்தின் மையம் ஆங்கிலத்தில் 67 சொற்கள். அதை ஒருமுறையாவது நிதானமாக வாசிக்க வேண்டும். பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைவதை பிரிட்டிஷ் அரசு ஆதரிக்கிறது என்பது முதல் பகுதி. அங்குள்ள யூதரல்லாத சமூகங்களின் குடிமை உரிமைகளுக்கும் சமய உரிமைகளுக்கும் பாதகம் வரக்கூடாது என்பது அடுத்தது. மற்ற நாடுகளில் யூதர்கள் அனுபவிக்கும் உரிமைகளுக்கும் அரசியல் நிலைக்கும் பாதகம் வரக்கூடாது என்பது கடைசி.

அன்று பாலஸ்தீன மக்களில் பத்தில் ஒன்பது பேர் அரபுகள். 1922ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்கூட மொத்தம் சுமார் 7,57,000 பேரில் முஸ்லிம்கள் சுமார் 5,90,000, யூதர்கள் சுமார் 84,000, கிறிஸ்தவர்கள் 70,000க்கு மேல். ஆனால் கடிதத்தில் ‘அரபு’ என்ற சொல் இல்லை. ‘முஸ்லிம்’ இல்லை, ‘கிறிஸ்தவர்’ இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேரான மக்கள், ‘யூதரல்லாதவர்’ என்று, எது இல்லையோ அதைக் கொண்டு அடையாளம் காட்டப்பட்டார்கள். உலகின் பிற யூதர்களுக்கு ‘அரசியல் நிலை’ பாதுகாக்கப்பட்டது. பாலஸ்தீனியர்களுக்கு அந்தச் சொல் தரப்படவில்லை. நீங்கள் தொழலாம், வழக்காடலாம், ஆளக் கூடாது. அயர்லாந்தில் பார்த்த அதே முறை.

இது அவசரத்தில் நேர்ந்த பிழை என்று சொல்ல இடமில்லை. 1919 ஆகஸ்டில் கர்சனுக்கு எழுதிய குறிப்பில் பால்ஃபர் மனம் திறந்தே பேசினார். பாலஸ்தீனத்தில் இப்போது வாழ்பவர்களின் விருப்பத்தைப் பெயரளவுக்குக்கூடக் கேட்கும் எண்ணம் தங்களுக்கு இல்லை, அங்குள்ள ஏழு லட்சம் அரபுகளின் விருப்பங்களைவிட சியோனிஸம் மிக முக்கியமானது என்பது அதன் சாரம்.

1922இல் அவருக்கு ஏர்ல் பட்டம் கிடைத்துப் பிரபுக்கள் சபைக்குப் போனார். அங்கு அவருடைய முதல் உரையே பாலஸ்தீன ஆட்சிப் பொறுப்பை ஆதரித்துத்தான். சபை கேட்கவில்லை. இந்த ஏற்பாடு பாலஸ்தீனப் பெரும்பான்மையினருக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறது என்று இஸ்லிங்டன் பிரபு கொண்டுவந்த தீர்மானம் 60க்கு 29 என்று வென்றது. அதே பிரபு வர்க்கத்தவர்களே அவரைத் தோற்கடித்தார்கள்! அரசு அதைப் பொருட்படுத்தவில்லை. மக்கள் சபை அரசின் பக்கம் நின்றது. ஜூலை 24 அன்று உலக நாடுகள் சங்கம் ஒப்புதல் தந்தது. கடிதத்தில் இருந்த வாக்குறுதி சர்வதேச ஆவணமாகிவிட்டது.

பாலஸ்தீன மண்ணை பால்ஃபர் கண்ணால் பார்த்தது 1925இல்தான். ஏப்ரல் 1 அன்று ஜெருசலேமில் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைத் திறந்துவைத்தார். யூதக் குடியேற்றங்களில் உற்சாக வரவேற்பு. அரபு நகரங்களில் கடையடைப்பு, கறுப்புக் கொடி. அங்கிருந்து டமாஸ்கஸ் போனார். ஆயிரக்கணக்கானோர் திரண்டு அவர் தங்கியிருந்த ஹோட்டலை நோக்கி வந்தார்கள். சிரியாவை அப்போது ஆண்ட பிரெஞ்சுப் படை கூட்டத்தைக் கலைத்து, அவரை பெய்ரூத்துக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றியது. யாரைக் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தாரோ அந்த மக்களின் குரல் அன்றைக்குத்தான் அவர் ஜன்னல் வரை வந்தது.

1926இல் இன்னொரு ‘பால்ஃபர் அறிக்கை’யும் உண்டு. கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் பிரிட்டனுக்குச் சமமான தகுதி உடையவை என்று சொன்ன அறிக்கை. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1930 மார்ச் 19 அன்று, 81 வயதில், பால்ஃபர் இறந்தார். பிறந்த விட்டிங்ஹாமிலேயே அடக்கம். பிள்ளை இல்லாததால் பட்டம் தம்பி ஜெரால்டுக்குப் போனது. தன் வாழ்நாள் பணிகளில் யூதர்களுக்காகச் செய்ததையே மிகவும் பயனுள்ளதாக அவர் கருதியதாக, அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய சகோதரர் மகள் பிளான்ச் டக்டேல் பதிவு செய்திருக்கிறார்.

கடிதத்தின் மூலப்பிரதி இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அவர் படித்த டிரினிட்டி கல்லூரியில் 1914இல் வரையப்பட்ட அவருடைய ஓவியம் ஒன்று மாட்டப்பட்டிருந்தது. 2024 மார்ச்சில், காஸாவில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்களில், பாலஸ்தீன ஆதரவாளர் ஒருவர் அதன் மீது சிவப்புச் சாயத்தைத் தெளித்துக் கத்தியால் கிழித்தார்.