சேர்த்து வைத்தால் போதுமா? நாசாவின் மென்பொருள் அனுபவம் சொல்லும் வரலாறு



போன வருடம் எங்கள் பள்ளித் தமிழாசிரியர்களுக்காக இணையத்தில் ஒரு பொதுக் கோப்புறை திறந்தோம். பயிற்சித்தாள்கள் நிறையவே சேர்ந்தன. வலிமிகும் இடங்களை என் மாணவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று நான் பல வாரம் திணறினேன். சக ஆசிரியர் ஒருவர் தயாரித்த அருமையான பயிற்சி அந்தக் கோப்புறையிலேயே கிடந்தது. எனக்குத்தான் தெரியவில்லை! இதே சிக்கலை அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும் சந்தித்திருக்கிறது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் பாருங்களேன்.

பின்னணி

1960களில் கணினிகள் பெருகின. ஆனால் மென்பொருள்கள் தாமதமாக முடிந்தன, செலவு எகிறியது, பிழைகளும் மலிந்தன. 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் நடந்த மாநாடு இதைத்தான் விவாதித்தது. 'மென்பொருள் நெருக்கடி' என்ற சொல் அதன் பிறகு பரவியது.

அனுபவத்தைச் சேர்த்த ஆய்வகம்

1976இல் நாசாவின் கோடார்ட் விண்வெளி மையம், மேரிலாந்து பல்கலைக்கழகம், கம்ப்யூட்டர் சயின்சஸ் நிறுவனம் மூன்றும் சேர்ந்து மென்பொருள் பொறியியல் ஆய்வகத்தைத் தொடங்கின. எத்தனை மணி நேரம் உழைத்தோம், எங்கே பிழை வந்தது, ஏன் வந்தது என்று மென்பொருள் எழுதுவோர் படிவங்களில் பதிந்தார்கள்.

படிவங்கள் குவிந்தால் மட்டும் அறிவு வந்துவிடுமா? வராது. பேராசிரியர் விக்டர் பாசிலி இதற்கு ஒரு வழி சொன்னார்: முதலில் நோக்கம், அடுத்து கேள்வி, கடைசியில்தான் அளவீடு. இன்னொரு முக்கியமான ஏற்பாடும் இருந்தது. மென்பொருள் எழுதுவது ஒரு குழு. அந்த அனுபவத்தை ஆராய்ந்து, அடுத்த திட்டத்துக்கு ஏற்றபடி வழிகாட்டியாகவும் பயிற்சியாகவும் தருவது வேறொரு குழு. இதற்கு 'அனுபவத் தொழிற்சாலை' என்று பெயர். பலன் என்ன தெரியுமா? 1980களின் பிற்பகுதியில் ஆயிரம் வரிக்குச் சுமார் 4.5ஆக இருந்த பிழைகள், 1990களின் தொடக்கத்தில் 1 அளவுக்கு இறங்கின.

இணைய நூலகமும் அதன் குறையும்

நாசாவுக்கு 10 மையங்கள் உண்டு. ஒரு மையம் கற்றது எல்லாருக்கும் போய்ச் சேரணும் இல்லையா? அதற்காக 1990களில் 'கற்ற பாடங்கள்' என்ற இணையத் தகவல் தொகுப்பு வந்தது.

1999 செப்டம்பரில் செவ்வாய்க் காலநிலைக் கலம் தொலைந்தது. தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று பவுண்டு-விசை அலகில் கணக்குத் தந்தது. அதைப் பயன்படுத்தியவர்களோ நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 4.45 மடங்கு. அதே டிசம்பரில் செவ்வாயில் இறங்க வேண்டிய இன்னொரு கலமும் போனது.

இதன் பிறகு, 2002இல் அமெரிக்கக் காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தொகுப்பு இருந்தும் திட்ட மேலாளர்கள் அதை வழக்கமாகப் பயன்படுத்தவில்லை. தலைப்புகள் அதிகம், தேவையானதைத் தேடி எடுப்பது கடினம். சொந்தத் தவறை எழுதினால் தங்கள் திறமையைக் குறைத்து மதிப்பிடுவார்களோ என்ற தயக்கமும் இருந்தது.

பிற்காலத்தில் நாசா இணையத்தில் வைத்த மென்பொருள் பொறியியல் கையேட்டில் ஒரு மாற்றத்தைக் காணலாம். ஒவ்வொரு விதிக்கும் ஒரு பக்கம். விதி ஏன் வந்தது, எப்படிச் செய்வது, முன்பு கற்ற பாடம் என்ன என்பதெல்லாம் அதே பக்கத்தில். வேலை செய்கிற இடத்துக்கே பாடம் வந்துவிட்டது.

நமக்கு என்ன?

மாணவர்களே, 'தொழில்நுட்பம் வந்தது, முன்னேற்றம் வந்தது' என்று கட்டுரையை முடித்துவிடாதீர்கள். காரணம், முயற்சி, தடை, மாற்றம் என்று வரிசைப்படுத்தி எழுதுங்கள். ஒரு முயற்சி ஏன் பலிக்கவில்லை என்று விளக்குவதும் வரலாறுதான்.

ஆசிரியர்களே, எங்கள் கோப்புறையில் இப்போது ஆண்டுப் பாடத்திட்டத்தின் ஒவ்வொரு வாரத்துக்கும் நேராக உரிய பயிற்சியை இணைத்து வருகிறோம். கூடவே, 'இது என் வகுப்பில் எடுபடவில்லை, காரணம் இது' என்று ஒரு வரி. முதல் வரியை நானே எழுதினேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாரமே இன்னும் இரண்டு பேர் எழுதினார்கள்.